மூன்று வருட வானவில்: எது நிலைத்தது, எது அலமாரியில் தூங்குகிறது

மகளுக்கு மூன்று வயதில் ஆரம்பித்த வானவில் பைத்தியம், இப்போது அவளுக்கு ஆறு. நாங்கள் இருப்பது மொரீசியஸின் மேட்டுப் பகுதியில், வாக்வாவில். இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம், நாள் கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும், பிள்ளையை வெளியே விட முடியாது, அதனால் ஒட்டுவதும் வெட்டுவதும் பூசுவதுமாகவே எங்கள் குளிர்காலங்கள் போயின.

முதலில் வாங்கியது ஒரு கைவேலை டப்பா. வானவில், மேகம், ஒட்ட வேண்டிய மணிகள் என்று எல்லாமே வெட்டித் தயாராக உள்ளே இருந்தன. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதில் அவள் செய்தது என்ன என்று பார்த்தால், எண் போட்ட இடத்தில் எண் போட்டதை ஒட்டினாள், அவ்வளவுதான். கொடுத்த காசுக்கு அது ஒரு மதியத் தூக்க நேரம்கூடத் தாங்கவில்லை.

வண்ணம் தீட்ட இணையத்தில் இருந்து அச்செடுத்த படங்களிலும் ஒரு சிக்கல். ஏழு பட்டையும் ஒல்லி ஒல்லியாக இருக்கும், மூன்று வயதுக் கை அதற்குள் நிற்காது, கோடு தாண்டியதும் அழுகை. பிறகு நானே தடித்த ஸ்கெட்ச் பேனாவால் நாலே பட்டை போட்டுக் கொடுத்தேன். மார்ச் 12 சுதந்திர தினம் நெருங்கும்போது பாலர் பள்ளியில் கொடி வரைய வைப்பார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது, அதே வரிசையில்தான் ஒரு வருடம் முழுக்க வானவில்லும் வந்தது. நான் திருத்தப் போனேன், அவள் விடவில்லை, சரி என்று விட்டுவிட்டேன். அஞ்சு வயதில் தானாகவே ஆரஞ்சு எங்கே என்று கேட்டாள். ஊதாவுக்குப் பக்கத்தில் ரோஸ் வேண்டும் என்பதில் மட்டும் இன்றுவரை சமரசம் கிடையாது.

கலர் அரிசி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லாரும் சுலபம் என்பார்கள். அரை கப் அரிசி, ஒரு டீஸ்பூன் வினிகர், சில சொட்டு சமையல் கலர், ஒரு பையில் போட்டுக் குலுக்கிப் பரப்பிவிட்டால் காய்ந்துவிடும். காய்ந்துவிடும் ஊரில்! வாக்வாவில் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்து எல்லாம் குப்பைக்குப் போனது. அரிசிக்குப் பதில் உப்பு எடுத்தேன், அது இன்னும் மோசம், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து நசநசத்து, ஒட்டிய கோலத்தில் சிவப்பும் நீலமும் கலந்து சேறாகிவிட்டது. கடைசியில் மேற்குக் கரையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகும்போது கலர் பையையும் எடுத்துப் போனேன். அங்கே மழை குறைவு, வெயில் பளீரென்று அடிக்கும், ஒரே பகலில் மொறுமொறுவென்று காய்ந்தது. மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு வைத்த அந்த அரிசி இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது, பொங்கலுக்கு வாசலில் கோலத்துக்கும் அதுதான்.

எங்கள் வீட்டில் நூறு தடவையாவது செய்தது கிச்சன் பேப்பர் வானவில். ஒரு தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரண்டு முனையிலும் ஏழு நிறத்தையும் ஒரே வரிசையில் சதுரம் சதுரமாக ஸ்கெட்ச் பேனாவால் அழுத்திப் பூச வேண்டும். இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து, முனை மட்டும் நனைகிற மாதிரி வளைத்து வைத்தால், தண்ணீர் தாளில் ஏறும்போது நிறத்தையும் இழுத்துக்கொண்டு வந்து நடுவில் சேர்த்துவிடும். பேனா தண்ணீரில் கரைகிற வகையாக இருக்க வேண்டும், அழியாத மார்க்கர் அசையவே அசையாது. மெல்லிய மலிவுத் தாள் நனைந்ததும் சரிந்துவிடும். முதல் தடவை நானும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தேன். ஒரு நாள் கறுப்புப் பேனாவால் பூசினாள், அதிலிருந்து நீலமும் ஊதாவும் பிரிந்து வந்தது, அன்றைக்கு வீட்டில் இருந்த கறுப்புப் பேனா எல்லாம் சோதனைக்குப் போயின.

ஷாமரேல் என்ற ஊரில் இருக்கும் ஏழு வண்ண மண் மேடுகளைப் பார்க்கக் கூட்டிப்போனதும் நல்ல பலன் கொடுத்தது. எரிமலைப் பாறை சிதைந்து வந்த மண், இரும்புச் சத்தால் சிவப்பும் பழுப்பும் என்று சொன்னேன், அவள் காதில் விழவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலர் அரிசியை அடுக்கடுக்காகக் கொட்டி "இது என் ஷாமரேல்" என்றாள்.

போன மாதம் மாலை நாலு மணிக்கு, வெயில் முதுகில், மழை எதிரே, நிஜ வானவில்லே இரண்டாக வந்தது. அவள் வாய் "லார்கான்சியெல்!" என்றுதான் முதலில் கத்தும், இங்கே பேசும் கிரியோல் மொழிதான் முந்திக்கொள்ளும், "வானவில்" என்ற தமிழ்ச் சொல் பிறகுதான் வரும். மேலே இருந்ததில் சிவப்பு உள்பக்கம் இருந்ததைப் பார்த்து, "அம்மா, அதைத் தப்பா வரைஞ்சிருக்காங்க" என்றாள். வெளி வில்லில் நிறங்கள் தலைகீழாகத்தான் வரும் என்று அன்று ராத்திரி கிச்சன் பேப்பர் எடுத்துத்தான் காட்ட வேண்டியிருந்தது.

இன்றைக்கு வாங்கச் சொன்னால் கரையும் ஸ்கெட்ச் பேனா ஒரு செட், கெட்டியான கிச்சன் பேப்பர், முனை மழுங்கிய கத்தரிக்கோல், இவ்வளவுதான் சொல்வேன். அந்த டப்பாவில் மிச்சமான மணிகளை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன், தம்பிக்கு ஒன்றரை வயது, கையில் கிடைப்பதெல்லாம் அவனுக்கு வாய்க்குத்தான்.