வோட்டர் பம்ப் மாத்தினதெண்டு பில் போட்டாங்கள், மாத்தவே இல்லை. கொழும்பில டர்போ கார் வச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து வாசியுங்கோ

எழுதுறதோ வேண்டாமோ எண்டு ரெண்டு கிழமையா யோசிச்சனான். ஆனா அண்டைக்குக் காரில அம்மாவும் ரெண்டு பிள்ளையளும் இருந்தவை, அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு படபடக்குது, அதால எழுதுறன். கராஜ் பேர் போடேல்ல, இன்பொக்ஸில கேட்டாலும் சொல்லமாட்டன், முறைப்பாடு போய்க்கொண்டிருக்கு.

என்ர கார் 2005 சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், ஈஜே20 டர்போ எஞ்சின் (டர்போ எண்டா எஞ்சின் புகையால சுத்தி உள்ளுக்குக் காத்தை அமத்தித் தள்ளுற சாமான்). போன நவம்பரில 98,000 கிலோமீற்றர் ஓடி முடிஞ்சுது. இந்த எஞ்சின்ல டைமிங் பெல்ட்டை (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில ஓட வைக்கிற பெல்ட்) 100,000 அளவில மாத்தோணும், எஞ்சினைக் குளிராக்கிற தண்ணியைச் சுத்த விடுற வோட்டர் பம்பையும் அதோட சேத்து மாத்துறதுதான் முறை, ஏனெண்டா பம்பைச் சுத்துறதே அந்த பெல்ட்தான், பெல்ட்டின்ர வழுவழுப்பான பின்பக்கம் பம்ப் புல்லியில (பம்பின்ர சில்லு) உரஞ்சி ஓடும். பம்ப் பெயரிங் இறுகி நிண்டா பெல்ட் பல்லு தாவும் இல்லாட்டி அறும், அப்ப வால்வு போய் பிஸ்டன்ல அடிக்கும், அதோட எஞ்சின் முடிஞ்சுது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டவங்கள், விட்ட பிறகும் விலையைக் கேட்டா தலை சுத்துது, அதால இருக்கிற காரைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாக்கிற ஆள் நான். காசு போனாலும் பரவாயில்லை, முழு செட்டையும் மாத்துவம் எண்டு போனன்.

பில் 186,000 ரூபா. அதில ஜெனுவின் வோட்டர் பம்ப் 44,000 எண்டு தனியா எழுதியிருந்தது. பெல்ட், மூண்டு ஐட்லர் (பெல்ட் உருண்டு ஓடுற சில்லு), பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், கூலன்ட் (எஞ்சினைக் குளிராக்கிற திரவம்) எல்லாம் வேற வேற வரியில. பழைய சாமான் எங்க எண்டு கேட்டனான், "அதெல்லாம் நேற்றே இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டம் அண்ணா" எண்டான் கவுன்டரில இருந்த பெடியன். நானும் விட்டிட்டன். அந்த இடத்திலதான் நான் விட்ட பெரிய பிழை.

மார்ச் மாசம் போல பின்னேரம் வெள்ளவத்தையில காரை விட்டிட்டு இறங்கேக்க போனட் பக்கத்தில இனிப்பு மணம் ஒண்டு வந்துது, பாணி காய்ச்சுற மாதிரி. முதல் நாள் பக்கத்து வீட்டுச் சமையல் எண்டு நினைச்சன். மூண்டாம் நாளும் அதே மணம். பிறகு டோர்ச் அடிச்சுப் பாத்தா நிலத்தில ஒரு ரூபாய்க் குத்தியளவு ஈரம், விரலால தொட்டா வழுவழுப்பு, ஏசித் தண்ணியெண்டா அப்பிடி இருக்காது. இந்த மணத்தையும் வழுவழுப்பையும் மட்டும் நினைவில வச்சிருங்கோ, வேற ஒண்டும் தெரியாட்டிலும் காணும்.

உடன அதே கராஜுக்குக் கொண்டு போனன். மனேஜர் போனட்டைத் திறந்து பக்கத்தில இருக்கிற பிளாஸ்டிக் போத்தலைப் பாத்திட்டு "இஞ்ச பாருங்கோ, தண்ணி லெவல்ல நிக்குது, டர்போ காரெண்டா கொஞ்சம் குடிக்கும்தானே" எண்டு சொல்லி, எஞ்சின் மேல இருக்கிற டாங்கைத் திறந்து பைப் தண்ணி ஒரு போத்தல் ஊத்தி அனுப்பினார். நானும் நம்பிக்கொண்டு வந்தன்.

இது ரெண்டும் பிழை. சுபாரு டர்போவில ரெண்டு மூடி இருக்கு. பக்கத்துப் பிளாஸ்டிக் போத்தல் மிச்சத் தண்ணி போய் நிக்கிற இடம் மட்டும்தான், உண்மையான லெவல் எஞ்சினுக்கு மேல இருக்கிற சின்ன டாங்கில. லீக் இருந்தா சிஸ்டம் ஆறேக்க போத்தல்ல இருந்து கூலன்ட்டை இழுக்காம ஓட்டையால காத்தைத்தான் இழுக்கும், அதால போத்தல் நிறைஞ்ச மாதிரி நிக்கும், மேல டாங்க் காஞ்சு கிடக்கும். அந்த மேல் டாங்க்தான் டர்போவையும் காப்பாத்துறது, எஞ்சினை நிப்பாட்டின பிறகும் டர்போவின்ர சூட்டில தண்ணி தானா மேல எழும்பி டாங்குக்குப் போய்ச் சுத்தி வரும், பம்ப் இல்லாமலே. அது காஞ்சா டர்போ பெயரிங்தான் வேகும். காலமை எஞ்சின் முழுக்க ஆறியிருக்கேக்க மேல் மூடியைத் திறந்து கழுத்து வரைக்கும் நிக்குதோ எண்டு பாருங்கோ. சூட்டில திறக்கவே வேண்டாம், முகம் வெந்திடும்.

பைப் தண்ணிக் கதையும் அப்பிடித்தான். "எங்கட ஊரில பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு" எண்டு எத்தினை பாஸ்மார் சொல்லிக் கேட்டிருப்பியள். கூலன்ட் உறையாம இருக்க மட்டும் இல்லை. அலுமினியத்தில ஊத்தை பிடிக்காமலும், துரு வராமலும், பம்ப் சீல் தேயாமலும் இருக்க அதுக்குள்ள மருந்து கிடக்கு. வெறும் தண்ணி 100 பாகையில கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தா அதைவிடக் கொஞ்சம் கூட, மூடி அழுத்தம் பிடிச்சா இன்னும் மேல போகும். லீக் இருந்தா அழுத்தமும் இல்லை, அதுக்குள்ள தண்ணியையும் ஊத்தினா என்ன நடக்கும்?

நடந்தது சித்திரை வருஷத்துக்கு முதல் நாள். கண்டியில சின்னம்மா வீட்டுக்குப் போறம். மாவனெல்லை தாண்டுற வரைக்கும் ஒண்டும் இல்லை, கடுகண்ணாவை ஏத்தத்தில முன்னால லொறி, பின்னால பஸ், ரெண்டாவது கியரில ஊருறம், ஊசி மெல்ல மேல வரத் தொடங்கிச்சு. ஏசியை நிப்பாட்டி ஹீட்டரை முழுசாப் போட்டன், அது எஞ்சின் சூட்டை உள்ளுக்கு இழுக்கும் எண்டு தெரியும். அம்மா "என்ன தம்பி இந்த வெக்கையில" எண்டு கேக்கிறா. ஆனா ஹீட்டரால வந்தது குளிர் காத்து. ஊசி மேல நிக்க ஹீட்டர் குளிராக வந்தா தண்ணி சுத்தேல்ல, இல்லாட்டி தண்ணியே இல்லை எண்டு அர்த்தம், அதுக்குப் பிறகு ஒரு கிலோமீற்றரும் ஓடக்கூடாது. கரையில இருந்த சாப்பாட்டுக் கடை வாசல்ல ஏத்தி நிப்பாட்டிச் சாவியை எடுத்தன். முன்பக்கம் கவருக்குள்ள இருந்து ஆவி. பிள்ளையள் அழத் தொடங்கீட்டுதுகள். மூண்டு மணித்தியாலம் நிண்டு கெரியர் பிடிச்சுத்தான் கொழும்புக்குக் கொண்டு வந்தன்.

இந்த முறை தெமட்டகொடையில வேற ஒரு இடம், சுபாரு மட்டும் செய்யிற வயசான பாஸ் ஒருத்தர். டைமிங் கவரைக் கழட்ட முதல் போனை எடுத்து வீடியோ எடுங்க எண்டு அவரே சொன்னவர். கழட்டினா பெல்ட் உண்மையாப் புதுசு, எழுத்து இன்னும் அழியேல்ல. ஐட்லர் மூண்டும் பழசு. பம்ப் பழசு. அவர் டோர்ச்சைக் கிட்டப் பிடிச்சுக் காட்டினார், பம்ப் போல்ட் தலையைச் சுத்தி ஊத்தை ஒரு வெடிப்பும் இல்லாம இறுகிக் கிடந்தது. "இங்க பாருங்க தம்பி, இந்த போல்ட்ல ஸ்பானர் படவே இல்ல." பிறகு பம்பின்ர கீழ் பக்கம் வீப் ஹோல் எண்டு ஒரு சின்ன ஓட்டை, அதில இருந்து உப்புப் பூத்த மாதிரி நீல வெள்ளைக் கோடு கீழ வரைக்கும் இறங்கியிருக்கு. உள் சீல் தேஞ்சா தண்ணி பெயரிங்குக்குப் போகாம வெளியால வரத்தான் அந்த ஓட்டையே வச்சிருக்கு, அதில ஈரம் கண்டா பம்ப் முடிஞ்சுது எண்டு அர்த்தம். பெல்ட்டைக் கழட்டின பிறகு புல்லியைப் பிடிச்சு என்னை ஆட்டச் சொன்னார். தடக் தடக் எண்டு கையில தட்டிச்சு. இதோட ஹைவேயில 100ல போயிருந்தா எண்டு நினைக்கவே ஏலாமக் கிடந்தது.

ஹெட் கெஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில இருக்கிற அடைப்பு) தப்பீட்டுது, நல்ல காலம். டாங்க் வாயில நீலத் திரவம் வச்சுப் பாக்கிற டெஸ்ட் செய்தவர், எரிஞ்ச வாயு கலந்தா மஞ்சளா மாறும், மாறேல்ல. புது பம்புக்குக் கடதாசி கெஸ்கெட் வேண்டாம், உலோகக் கெஸ்கெட் வாங்குங்க எண்டு சொல்லி பஞ்சிகாவத்தைக்கு என்னையே அனுப்பினார், நான் கையில வாங்கிக் கொண்டு வந்து குடுத்தன். பூட்டின பிறகு கைப் பம்பால அழுத்தம் ஏத்தி அரை மணித்தியாலம் விட்டு முள் இறங்குதோ எண்டும் பாத்தவர். இந்த அழுத்தச் சோதனையை முதல் கராஜ்காரன் மார்ச்சிலயே செய்திருந்தா பத்து நிமிசத்தில தெரிஞ்சிருக்கும்.

பில்லையும் வீடியோவையும் கொண்டு பழைய இடத்துக்குப் போனன். "வெளியில கழட்டின வாகனத்துக்கு நாங்க பொறுப்பில்ல, நாங்க போட்டது புது பம்ப்தான்" எண்டு ஒரே நிலையில நிக்கினம். கழட்ட முதல் எடுத்த வீடியோ மட்டும் இல்லாட்டி எனக்குக் கதைக்க வாயே இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 அடிச்சுக் கேட்டு, எழுத்தில முறைப்பாடு குடுத்திருக்கிறன், பில் கொப்பியோட.

இனி எந்த கராஜிலயும் நான் வேலைக்கு விட முதலே சொல்லிப்போடுவன், பழைய சாமான் எல்லாம் பெட்டியில எனக்கு வேணும், பூட்டேக்க போட்டோ வேணும். மறுத்தா அந்த இடத்தில விடமாட்டன். மிட்சுபிஷி எவோ ஒன்பது வரைக்கும் உள்ள 4ஜி63 எஞ்சின்ல பம்பைச் சுத்துறது வெளிப் பக்கத்து பெல்ட், டைமிங் பெல்ட் இல்லை, ஆனா பம்பைக் கழட்ட டைமிங் பெல்ட்டையும் கழட்டோணும், அதால அங்கயும் ரெண்டையும் சேத்து மாத்துறது நல்லது. பிஎம்டபிள்யூ என்54, என்55 வச்சிருக்கிறவைக்குக் கரண்டில ஓடுற பம்ப், அது ஒரு சொட்டும் விடாமத் திடீரெண்டு நிண்டிடும், அதால மணத்தையும் ஈரத்தையும் பாத்துக்கொண்டிருக்காம ஓடின கணக்கைப் பாத்து முன்கூட்டியே மாத்துங்கோ.

கழட்டின பம்ப் என்ட்ட பெட்டியில கிடக்கு. வீப் ஹோல் எது, அந்த உப்புக் கோடு எப்பிடி இருக்கும், புல்லி ஆட்டம் எப்பிடி எண்டு தெரியாத ஆரும் இருந்தா வெள்ளவத்தைப் பக்கம் வரேக்க ஒரு மெசேஜ் போடுங்கோ, கையில தந்து காட்டுறன்.