நீண்ட சமன்பாட்டை உடைக்க: மல்ட்லைனா, ஸ்ப்ளிட்டா?

கணித ஆவணங்களை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளின் ஏஎம்எஸ்மேத் தொகுப்பில், ஒரு சமன்பாட்டைப் பல வரிகளாக எழுத உதவும் சூழல்கள் (கட்டளைத் தொகுதிகள்) இவை. இரண்டுக்குமே ஒரே ஒரு சமன்பாட்டு எண்தான் விழும். வித்தியாசம் வரிகள் நிற்கும் இடத்தில். மல்ட்லைன் முதல் வரியை இடப்பக்கமும் கடைசி வரியை வலப்பக்கமும் ஒதுக்கி, மற்றவற்றை நடுவில் வைக்கும். உறுப்புகள் நீண்டுகொண்டே போகும் ஒற்றைக் கோவைக்கு இது போதும்.

சமக்குறிகள் வரிக்கு வரி அடுத்தடுத்து வந்தால் ஸ்ப்ளிட்தான் சரி; ‘&’ வைத்த இடத்தில் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிறுத்தும். அதை ஈக்குவேஷன் போன்ற இன்னொரு சமன்பாட்டுச் சூழலுக்குள் போட வேண்டும். தனியாகப் போட்டால் பிழை காட்டும். ‘&=’ என்றே எழுதுங்கள். ‘=&’ என்று மாற்றினால் சமக்குறியின் வலப்பக்க இடைவெளி போய், அடுத்த எழுத்து அதோடு ஒட்டிக்கொள்ளும். தொடர்வரி கூட்டல் குறியில் தொடங்கினால், ‘&’க்குப் பின் ஒரு குவாட் (சற்று அகலமான வெற்றிடம்) இடைவெளி விட்டால் படிக்க எளிது.

இரண்டிலும் கழுத்தறுப்பது லெஃப்ட்-ரைட் அடைப்புதான் (உள்ளிருப்பதற்கேற்பத் தானே உயரம் மாறும் அடைப்புக்குறி ஜோடி). அந்த ஜோடி வரிமுறிவைத் தாண்டாது. வரி முறியும் இடத்தில் அடைப்புக்குறிக்குப் பதிலாகப் புள்ளி (அச்சில் தெரியாது) வைத்து ஒப்பேற்றினால் திறப்பும் மூடலும் வெவ்வேறு உயரத்தில் நிற்கலாம்; பிக்எல், பிக்ஆர் கட்டளைகளால் அளவை நீங்களே கொடுத்துவிடுங்கள்.