மும்பையில் ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கு: உங்கள் மெயில் யார் டெனன்ட்டில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்

செம்பூர், காட்கோபர், முலுண்டு, வாஷி பக்கம் சின்ன ஆபீஸ் நடத்தும் நம்ம ஆட்களிடம் "மைக்ரோசாஃப்ட் 365 நான் போட்டுத் தர்றேன், வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கொடுத்தா போதும், மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்று ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். (மெயில், வேர்டு, எக்செல் எல்லாம் சேர்ந்த மைக்ரோசாஃப்ட் சந்தாதான் 365. அதில் ஒரு கம்பெனிக்கென்று திறக்கும் தனி இடம்தான் 'டெனன்ட்'.) பெயரை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சரி, பெயர் வேண்டாம். அவர் செய்கிற வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை இன்னும் சிலரும் செய்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் மாமாவின் ஆபீஸ் கஸ்டம்ஸ் கிளியரிங். நவா ஷேவா துறைமுகத்தில் சரக்கு இறங்கும், செம்பூரில் உட்கார்ந்து பேப்பர் வேலை பார்ப்போம். ஷிப்பிங் லைனின் அரைவல் நோட்டீஸ், டெலிவரி ஆர்டர், இம்போர்ட்டரின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் மெயிலில்தான் வரும். கஸ்டம்ஸின் ஆன்லைன் தளமான ஐஸ்கேட்டில் பதிவு செய்திருப்பதும் ஆபீஸ் மெயில் ஐடிதான். மெயில் ஒரு நாள் நின்றால் கன்டெய்னர் அங்கேயே நிற்கும், ஃப்ரீ டைம் தீர்ந்ததும் டிடென்ஷன், அதாவது கன்டெய்னரைப் பிடித்து வைத்திருப்பதற்கு ஷிப்பிங் லைன் போடும் கட்டணம், டாலரில் ஓட ஆரம்பிக்கும்.

முதலில் சொன்ன அந்த 365 டீலர் திருநெல்வேலிப் பக்கம். செம்பூர் முருகன் கோயிலில் மாமாவுக்குப் பழக்கம், வாய்க்கு வாய் அண்ணாச்சி. விசிட்டிங் கார்டில் 'மைக்ரோசாஃப்ட் கோல்ட் பார்ட்னர்' என்று தங்க எழுத்தில் போட்டிருப்பார். அந்தக் கோல்ட், சில்வர் பட்டங்களை எல்லாம் மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் எடுத்துவிட்டு 'சொல்யூஷன்ஸ் பார்ட்னர்' என்று வேறு முறைக்குப் போய்விட்டது. இன்றைக்கும் புதுக் கார்டில் கோல்ட் என்று அச்சடித்துக்கொண்டு வருகிறவரிடம் ஒரு நிமிஷம் கூடுதலாகப் பேசிப் பாருங்கள்.

365-இல் 'பிசினஸ் ஸ்டாண்டர்ட்' என்ற பிளான் என்று சொல்லி ஒரு வருஷப் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார். ஒரே நாளில் எல்லாருக்கும் மெயில் வந்துவிட்டது, வேர்டு, எக்செல் எல்லாம் ஏறிவிட்டது. அட்மின் லாகின் மட்டும் தரவில்லை. "உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி அந்தத் தொல்லை? பாஸ்வேர்டு மாத்தணும்னா எனக்கு வாட்ஸ்அப் போடுங்க." வாட்ஸ்அப் போட்டால் மாற்றியும் கொடுத்தார். அதனால் யாரும் மேலே கேட்கவில்லை.

நான் இந்த ஆபீஸில் சேர்ந்த பிறகு முதலில் உறுத்தியது அவுட்லுக்கில் 'டு' கட்டம். அங்கே 'அக்கவுன்ட்ஸ்' என்று அடித்தால் எங்கள் அக்கவுன்ட்ஸோடு ஒரு டைல்ஸ் கடையின் அக்கவுன்ட்ஸும் ஒரு பல் ஆஸ்பத்திரியின் அக்கவுன்ட்ஸும் வரிசையாக வந்து நிற்கும். டீம்ஸில் தேடினாலும் முன்பின் தெரியாத ஆட்கள், சில பேருக்கு போட்டோவோடு. ஒரு நாள் எங்கள் பையன் ஒருவன் கஸ்டம்ஸில் போடும் பில் ஆஃப் என்ட்ரியின் செக்லிஸ்ட்டை, இம்போர்ட்டர் பெயர், சரக்கு மதிப்பு, டியூட்டி எல்லாம் உள்ளது, நம்ம ஆபீஸ் ஆள் என்று நினைத்து அதே பெயருள்ள டைல்ஸ் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டான். அவர் நல்ல மனுஷர், 'இது எனக்கு இல்லை' என்று பதில் போட்டார்.

டீலரிடம் கேட்டால், "அது சர்வர் ஷேரிங், மைக்ரோசாஃப்ட்டே எல்லாருக்கும் அப்படித்தான் கொடுக்கிறாங்க" என்றார். சுத்தப் பொய். மைக்ரோசாஃப்ட் 365-இல் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி டெனன்ட் உண்டு, ஒரு டெனன்ட்டில் இருப்பவர்கள் இன்னொரு டெனன்ட்டின் முகவரிப் பட்டியலில் தாமாக வந்து உட்கார மாட்டார்கள். ஆனால் ஒரே டெனன்ட்டில் பல டொமைன்களை (மெயில் ஐடியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) சேர்க்க முடியும். அவர் செய்தது அதுதான்: தன் பெயரில் ஒரு டெனன்ட் திறந்து, அதில் எங்கள் டொமைன், டைல்ஸ் கடை டொமைன், பல் டாக்டர் டொமைன் எல்லாவற்றையும் போட்டு, தனி ஃப்ளாட்டுக்கு வாடகை வாங்கிக்கொண்டு எங்களை எல்லாம் பேயிங் கெஸ்ட்டாக ஒரே ஹாலில் படுக்க வைத்திருந்தார். குளோபல் அட்மின், அதாவது டெனன்ட் முழுக்க அதிகாரம் உள்ளவர், அவர் ஒருவர்தான். குளோபல் அட்மின் நினைத்தால் எந்த மெயில்பாக்ஸையும் தனக்குத் திறந்து விட்டுக்கொள்ளலாம். எங்கள் மெயிலை அவர் படித்தார் என்று சொல்ல வரவில்லை, படித்தாரா என்று பார்க்கும் ஆடிட் லாகும் அவரிடம்தான் இருந்தது என்று சொல்கிறேன்.

இதை நீங்கள் அட்மின் லாகின் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து மேலே முகவரி வரியைப் பாருங்கள். ஏதோ ஒரு பெயர், ஒரு கோடு, மை, அப்புறம் ஷேர்பாயின்ட் டாட் காம் என்று இருக்கும். அந்த முதல் பெயர்தான் டெனன்ட்டின் பெயர். உங்கள் கம்பெனி பெயரோ அதன் சுருக்கமோ இருந்தால் நல்லது. எங்களுக்கு அங்கே டீலர் கடையின் பெயர் இருந்தது.

அடுத்தது லைசன்ஸ். வேர்டைத் திறந்து ஃபைல், அக்கவுன்ட் என்று போனால் வலது பக்கம் என்ன புராடக்ட் என்று காட்டும். பிசினஸ் ஸ்டாண்டர்ட் வாங்கியிருந்தால் அங்கே 'மைக்ரோசாஃப்ட் 365 ஆப்ஸ் ஃபார் பிசினஸ்' என்று வர வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் பாதியில் 'ஆபீஸ் புரொஃபஷனல் பிளஸ் 2019' என்று இருந்தது. அது கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசன்ஸ் சரக்கு, 365 சந்தாவில் வருவதே இல்லை. உண்மையில் அந்தக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு அவர் போட்டிருந்தது பிசினஸ் பேசிக் பிளான். பேசிக்கில் மெயில் உண்டு, வேர்டும் எக்செலும் பிரவுசரிலும் மொபைலிலும்தான், கம்ப்யூட்டரில் ஏற்றும் ஆப் கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க எங்கிருந்தோ ஒரு கீயைப் போட்டு ஆபீஸ் 2019-ஐ ஏற்றியிருக்கிறார். ஸ்டாண்டர்டின் விலை பேசிக்கைப் போல சில மடங்கு. மீதி எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போதாததற்கு ஆபீஸ் 2019-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இனி செக்யூரிட்டி அப்டேட் வராது.

பில்லிலும் கோளாறு. 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு வாங்கியிருந்தார், ஆனால் நமக்கு விற்றவர்கள் கணக்குக் காட்டிய பில்கள் தெரியும் ஜிஎஸ்டிஆர் 2பி-யில் அந்த இன்வாய்ஸ் வரவே இல்லை. ஆடிட்டர் அம்மா ஜிஎஸ்டி போர்ட்டலில் அவர் நம்பரைத் தேடிப் பார்த்தால் 'கேன்சல்டு'. நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் போச்சு. இந்தத் தேடலுக்கு லாகின்கூடத் தேவையில்லை, பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு மாமா மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, எங்களுக்குத் தனியாப் போட்டுக் கொடுத்துடுங்க, ஆக வேண்டிய செலவைக் கொடுத்துடறோம்." ஆகட்டும் அண்ணாச்சி என்று போனவர், அடுத்த வருஷ ரெனியூவல் முழுப் பணமும் அதற்கு மேல் மைக்ரேஷன் சார்ஜும் கேட்டு மெசேஜ் போட்டார். கட்டவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை எல்லா கம்ப்யூட்டரிலும் அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்கிறது, போட்டால் 'உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது, சப்போர்ட் ஆளைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று வருகிறது.

போன் செய்தால், "ரெனியூவல் ஆகாததால மைக்ரோசாஃப்ட்டே லாக் பண்ணிட்டாங்க, என் கையில ஒண்ணும் இல்ல" என்கிறார். இந்த இடத்தில் ஏமாறாதீர்கள். சந்தா முடிந்தால் ஆப் நச்சரிக்கும், எடிட் செய்ய விடாது, போகப் போக மெயில் நிற்கும், ஆனால் அதற்காக லாகின் பூட்டப்படாது. மொத்த ஆபீஸுக்கும் ஒரே காலையில் அந்தச் செய்தி வருகிறது என்றால் யாரோ அட்மின் சென்டரில் உட்கார்ந்து எல்லாரையும் டிக் அடித்து 'பிளாக் சைன்-இன்' கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த அட்மின் யார் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களைக் காப்பாற்றியது டொமைன். அது பல வருஷத்துக்கு முன் மாமா தன் சொந்த மெயிலில், தன் கார்டில் வாங்கியது, டொமைன் விற்ற ரெஜிஸ்ட்ரார் கம்பெனியின் லாகின் எங்களிடம் இருந்தது. டீலர் அதையும் "எனக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிடுங்க, ரெனியூவலை நானே பாத்துக்கறேன்" என்று கேட்டிருக்கிறார், மாமா ஏதோ சோம்பலில் விட்டுவிட்டார். அந்தச் சோம்பலுக்குக் கோயிலில் தேங்காய் உடைக்கலாம்.

உடனே சொந்தமாக ஒரு மைக்ரோசாஃப்ட் டெனன்ட் திறந்து டொமைனைச் சேர்க்கப் பார்த்தோம், முடியவில்லை. ஒரு டொமைன் ஒரு நேரத்தில் ஒரு டெனன்ட்டில்தான் இருக்க முடியும். அவர் எடுத்துவிட வேண்டும், அல்லது டொமைன் எங்களுடையது என்று மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டிடம் நிரூபித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கன்டெய்னர் காத்திருக்காதே. அதனால் கூகுளின் ஆபீஸ் மெயில் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸுக்குப் போனோம். மைக்ரோசாஃப்ட் டெனன்ட்டில் யார் பூட்டி வைத்திருந்தாலும் கூகுளுக்கு அது பொருட்டே இல்லை, டிஎன்எஸ்ஸில் (டொமைனின் செட்டிங்ஸ் பட்டியல்) அவர்கள் கொடுக்கும் டெக்ஸ்ட் ரெக்கார்டைப் போட்டால் டொமைன் உங்களுடையது என்று ஏற்றுக்கொள்ளும். மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றினோம், அன்றைக்கே புது மெயில் வர ஆரம்பித்துவிட்டது. மெயில் நிஜமாக உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் ரெக்கார்டையும் கூடவே மாற்றுங்கள், டிகேஐஎம் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அனுப்புவது பேங்க்கிலும் ஷிப்பிங் லைனிலும் ஸ்பேமில் விழும்.

பழைய மெயில்தான் பெரிய கஷ்டம். 'கிளாசிக்' எனப்படும் பழைய வகை அவுட்லுக் ஆப், மெயிலின் ஒரு பிரதியைக் கம்ப்யூட்டரிலேயே ஓஎஸ்டி ஃபைலாக வைத்திருக்கும். அக்கவுன்ட் பூட்டிவிட்டது என்று கோபத்தில் அவுட்லுக் புரொஃபைலை அழித்தால் அதுவும் போய்விடும். நெட்டைப் பிடுங்கிவிட்டு, ஆஃப்லைனில் திறந்து, தனியாக எடுத்து வைக்கக்கூடிய பிஎஸ்டி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தோம். எல்லாம் கிடைக்கவில்லை, எவ்வளவு காலத்து மெயிலை இறக்கி வைக்க செட்டிங் இருக்கிறதோ அவ்வளவுதான் இருக்கும். ஒன்டிரைவ் இன்னும் மோசம். பச்சை டிக் இருந்த ஃபைல்கள் டிஸ்க்கில் இருந்தன, நீல மேகம் இருந்தவை வெறும் பெயர்தான். கண்ணுக்கு எதிரே ஃபோல்டர் முழுக்கப் பேக்கிங் லிஸ்ட் பெயர்கள், ஒன்றும் திறக்காது. அந்த வாரம் ஒரு கன்டெய்னரின் டிடென்ஷனை எங்கள் கையிலிருந்து கட்டினோம், இம்போர்ட்டரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

போலீசில் "இது உங்களுக்குள்ள வியாபாரத் தகராறு" என்றார்கள். கன்ஸ்யூமர் கோர்ட்டும் சுலபமில்லை, வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு முதல் நாளே எழுந்து நிற்கும். வக்கீல் காட்டிய வழி ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம், பிரிவு 43. உரிமை உள்ளவரைக் கம்ப்யூட்டருக்குள் நுழைய விடாமல் தடுப்பது அதிலேயே வருகிறது. மோசடி எண்ணத்தோடு செய்திருந்தால் பிரிவு 66, 3 வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நஷ்டஈடு 5 கோடி வரை என்றால் மாநில ஐடி செயலாளரே விசாரித்து முடிவு சொல்லும் அட்ஜுடிகேட்டிங் ஆபீசர், அங்கே மனு கொடுக்கலாம். நோட்டீஸ் போன பிறகு ஒரு ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் லாகின் திறந்தது. விடிய விடிய உட்கார்ந்து கிடைத்ததை எல்லாம் இறக்கினோம். காலையில் மறுபடி மூடிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.

பார்ட்னர் மூலம் வாங்குவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்கான பார்ட்னர் உங்கள் கம்பெனி பெயரில் டெனன்ட் திறந்து, குளோபல் அட்மினை உங்களிடம் கொடுத்துவிட்டு, தனக்கு வேண்டிய அனுமதியை ஒரு லிங்க் அனுப்பிக் கேட்பார். நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் அவருக்குக் கிடைக்கும், அதுவும் அதிகபட்சம் இரண்டு வருஷம். அட்மின் சென்டரில் செட்டிங்ஸுக்குள் 'பார்ட்னர் ரிலேஷன்ஷிப்ஸ்' பக்கத்தில் அவர் பெயரும் அனுமதிகளும் தெரியும், வேண்டாம் என்றால் நீங்களே எடுத்துவிடலாம். எங்கள் டீலர் சொன்ன ஒன்று மட்டும் நிஜம்: வருஷச் சந்தா எடுத்தால் முதல் 7 நாளுக்குப் பிறகு ஆள் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது, அது மைக்ரோசாஃப்ட்டின் விதி. மாதச் சந்தாவில் அந்தக் கட்டு அந்தந்த மாதத்தோடு முடிந்துவிடும், விலைதான் கூடுதல்.

அந்த முகவரிப் பட்டியலில் பார்த்த சில ஆபீஸ்களுக்கு நான் போன் செய்து சொல்லிவிட்டேன். டைல்ஸ் கடைக்காரர் டொமைனே டீலர் பெயரில் இருக்கிறது, அவர் இப்போது வாயைத் திறக்காமல் அடுத்த ரெனியூவலைக் கட்டிக்கொண்டே, டொமைனை வேறிடத்துக்கு மாற்றத் தேவையான ஆத் கோடைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்றவர்களின் நம்பர் என்னிடம் இல்லை. உங்கள் அவுட்லுக்கில் 'கிளியரிங்' என்றோ 'டாகுமென்டேஷன்' என்றோ அடித்தால் செம்பூர் ஆபீஸ் ஒன்றின் மெயில் ஐடிகள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த ஐடிக்கு எழுதாதீர்கள், அது அவர் டெனன்ட்டுக்குள்ளேயே போய் விழும், எங்களுக்கு வராது. இங்கே கீழே சொல்லுங்கள், நானே கூப்பிடுகிறேன்.