நன்கொடை லேப்டாப்பா, குரோம்புக்கா, கையில் இருக்கும் போனா? ஞாயிறு கணினி வகுப்புக்கு எது தோது

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கணினி வகுப்பு நடத்த நாலு தொண்டூழியர்கள் கூடினால், பாடம் என்ன என்பதற்கு முன்பே எழும் கேள்வி, எதை வைத்துச் சொல்லித்தருவது என்பதுதான். ஏதாவது ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட லேப்டாப்புகளை வாங்கிக்கொள்ளலாம். பணம் திரட்டி, கூகலின் இயங்குதளத்தில் ஓடும் எளிய லேப்டாப்பான குரோம்புக்கை வாங்கலாம். இல்லையென்றால், வருகிறவர் சட்டைப்பையில் இருக்கும் போனிலேயே தொடங்கிவிடலாம். எங்கள் குழு கடைசியில் போனுக்கு வந்து சேர்ந்தது, கூடவே ஆளுக்கொரு கம்பி கீபோர்டு. ஆகவே இந்த அலசல் நடுநிலையானது இல்லை.

யாருக்கான வகுப்பு என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். 2020 ஏப்ரலில் கொவிட் முடக்கத்தால் பாடமெல்லாம் வீட்டுக்கு வந்தபோது, பழைய லேப்டாப்புகளைச் சேகரித்துச் சரிசெய்து வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது ‘எஞ்ஜினியரிங் குட்’ என்ற அமைப்பு. அங்கே லேப்டாப்தான் சரி, ஏனென்றால் கருவி பிள்ளையின் வீட்டிலேயே இருக்கும். மூத்தோருக்கு அதே 2020இல் தொடங்கிய ‘சீனியர்ஸ் கோ டிஜிட்டல்’ திட்டத்தில், டிஜிட்டல் தூதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து போனிலேயே சொல்லித்தருகிறார்கள். அதிலும் குழப்பம் இல்லை. நான் சொல்ல வருவது டாமில் (ஊழியர் விடுதியில்) தங்கி, விடியுமுன் லாரி ஏறி, இருட்டிய பிறகு திரும்பும் கட்டுமான, கப்பல் பட்டறை ஊழியர்களைப் பற்றி.

அவர்களுக்கு வேண்டியது போன் பாடம் இல்லை. ஊருக்குப் பணம் அனுப்புவது, வீடியோ கால், வேலை அனுமதியைச் செயலியில் பார்ப்பது எல்லாம் நமக்கே சொல்லித்தரும் அளவுக்குத் தெரியும். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பணப் பரிமாற்றச் சேவையான பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்தார்களே, அதை எனக்கு விளக்கியதே மாணவர் ஒருவர்தான். அவர்கள் கேட்டு வருவது எக்செல். ஆள் வருகைப் பட்டியல், சாமான் கணக்கு, சைட்டில் எடுத்த படத்தை அறிக்கையில் சேர்ப்பது, கோப்பை இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. சூப்பர்வைசர் வேலைக்குப் போக நினைப்பவருக்கு இதுதான் தடைக்கல். அப்படியானால் லேப்டாப்தானே வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விலையில் சொல்ல அதிகம் இல்லை. நன்கொடை லேப்டாப் இனாம், குரோம்புக் சில நூறு வெள்ளி, கீபோர்டு சிம் லிம்மிலோ முஸ்தபாவிலோ பத்துப் பதினைந்து வெள்ளி. திரையின் அளவில் லேப்டாப் ஜெயிக்கும் என்பதற்கும் விளக்கம் தேவையில்லை. தீர்ப்பை மாற்றுவது பராமரிப்பு. அந்த இனாம் லேப்டாப்பை யார் பார்த்துக்கொள்வது?

பதினைந்து லேப்டாப்புகள் ஆறு நாள் அலமாரியில் கிடக்கின்றன. ஏழாவது நாள் காலை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்து விண்டோஸ் அப்டேட் பாக்கி. மண்டபத்தில் இருப்பது ஒரு வைஃபை, அல்லது யாரோ ஒரு தொண்டூழியரின் ஹாட்ஸ்பாட். பதினைந்தும் சேர்ந்து அதை உறிஞ்ச, கூகல் பக்கம் திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது. பாதி லேப்டாப்புகளில் பேட்டரி நிற்காது, அதனால் எல்லாமே சுவர் ஓரம் பிளக் இருக்கும் இடமாகப் பார்த்து நகர்கின்றன. சார்ஜர்களோ ஒன்றுக்கொன்று பொருந்தாத வகை. போன வாரம் உட்கார்ந்தவர் தன் கூகல் கணக்கை மூடாமல் போயிருப்பார், இந்த வாரம் வந்தவர் அதில் மின்னஞ்சல் எழுதத் தொடங்குவார். இரண்டு மணி நேர வகுப்பில் முக்கால் மணி நேரம் இதற்கே போய்விடும். கணினி தெரிந்த தொண்டூழியர் எல்லாரும் பழுது பார்ப்பவர்களாகிவிட, சொல்லித்தர ஆள் இருக்காது.

இதற்கு மேல் 2025 அக்டோபர் 14 வேறு வந்துவிட்டது. அன்றோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் லேப்டாப்புகளில் பல இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவை. அதனால்தான் கழிக்கிறார்கள்! தனிநபர் கணினிகளுக்கு ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்பு கிடைத்தது உண்மைதான், ஆனால் ஒரு வருடம் தள்ளிப்போடுவதைத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். பழைய கருவியில் நன்றாகவே ஓடும், லிப்ரே ஆபீஸில் கணக்குத்தாளும் உண்டு. எங்கள் குழுவில் லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போனால் வகுப்பையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போவது மாதிரிதான்.

இதெல்லாம் எங்கள் தலைவலி. இதைவிட எனக்கு உறைத்தது ஒரு மாணவர் கேட்ட கேள்வி. “அக்கா, இங்க லேப்டாப்புல கத்துக்கிறத திங்கக்கிழமை நான் எதுல போட்டுப் பாக்குறது?” அவர் வகுப்புக்கு வந்து போவது வாரத்தில் இரண்டு மணி நேரம். மீதி நாளெல்லாம் அவர் கையில் இருக்கும் ஒரே கணினி அந்தப் போன். 2017இல் 2ஜி நிறுத்தப்பட்டது, 3ஜியும் 2024இல் விடைபெற்றது. ஆகவே இன்று டாமில் இருப்பவர் கையில் அநேகமாக ஓர் ஆண்ட்ராய்டு போன் இருக்கும். அதை அவரே சார்ஜ் போடுகிறார், அவரே அப்டேட் செய்கிறார், உடைந்தால் அவரே தேக்காவுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்கிறார். பராமரிப்பு என்று நமக்கு எதுவும் இல்லை.

சரி, அந்தச் சின்னத் திரையில் எக்செலா? இங்கேதான் கீபோர்டு உதவுகிறது. போனில் கணக்குத்தாளைத் திறந்து ஒரு கட்டத்தைத் தொட்டால் தட்டச்சுப் பலகை மேலே வந்து பாதித் திரையை விழுங்கிவிடும், குறுக்காகப் பிடித்தால் இரண்டு மூன்று வரிசைதான் மிஞ்சும். கம்பி கீபோர்டை ஓடிஜி இணைப்பியில் (போனில் யுஎஸ்பி கருவிகளை மாட்ட உதவும் சின்னத் துண்டு) மாட்டியதும் அந்தப் பலகை மறைந்துவிடும், திரை முழுவதும் கட்டங்கள். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி வேலை செய்யும், அம்புக்குறியால் கட்டம் விட்டுக் கட்டம் போகலாம். மவுஸ் மாட்டினால் திரையில் அம்பும் தோன்றும். இதைப் பார்த்து ஆச்சரியப்படாத மாணவர் இல்லை. தொண்டூழியர்களும்தான். கூகல் ஷீட்ஸில் கோப்பை இணையம் இல்லாதபோதும் திறந்து வேலை பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம், ஆகவே சைட்டுக்குப் போகும் லாரியிலும் பயிற்சி நடக்கும்.

புளூடூத் கீபோர்டு பார்க்க அழகு, வகுப்புக்கு ஆகாது. ஒரே மாதிரி பதினைந்து புளூடூத் கீபோர்டுகளை ஓர் அறையில் வைத்தால், எல்லார் போனிலும் ஒரே பெயர் பதினைந்து முறை தெரியும். யாருடையது யாரோடு ஒட்டியது என்று கண்டுபிடிப்பதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிடும். கம்பியையே வாங்குங்கள்.

போனிலும் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் வகுப்பிலேயே பாதிப் பேருக்கு இடம் நிரம்பிவிட்டது என்று வரும். வாட்ஸ்அப் காணொளிகளை அழிப்பதையே முதல் பாடமாக வைத்துவிட்டோம். கோப்பு எங்கே இருக்கிறது, எது பெரியது, எதை அழிக்கலாம் என்பதும் கணினிப் பாடம்தானே. இன்னொரு விஷயம், அந்தப் போனுக்குள் அவருடைய வங்கியும் இருக்கிறது. அதனால் தொண்டூழியர் மாணவரின் போனைக் கையில் வாங்குவதே இல்லை. விரலால் காட்டலாம், வாயால் சொல்லலாம், அவ்வளவுதான். ஓடிபி எண் திரையில் வந்தால் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். வேகம் குறையும், ஆனால் உதவுகிறேன் என்று சொல்லி யாரும் போனைக் கேட்டால் கொடுக்கக்கூடாது என்ற பழக்கம் அங்கேயே படிந்துவிடும். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் அழைக்கும் ஸ்கேம்ஷீல்டின் 1799 எண்ணையும் அந்தச் சாக்கில் சேமிக்கச் சொல்லிவிடுவோம்.

குரோம்புக் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல முடியும். இரவல் வாங்கிச் சில வாரம் பயன்படுத்தியதோடு சரி. அப்டேட் தொல்லை மிகக் குறைவு, விருந்தினர் முறையில் திறந்தால் மூடும்போது எல்லாம் அழிந்துவிடும், எனவே கணக்கு கலக்கும் சிக்கலும் இல்லை. வகுப்பறைக் கருவி என்ற அளவில் மூன்றில் இதுதான் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். வாங்குவதாக இருந்தால் ஒன்றைப் பாருங்கள். 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்தாண்டு அப்டேட் உண்டு, ஆனால் அந்தப் பத்தாண்டு நாம் வாங்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் முதலில் வெளிவந்த காலத்திலிருந்து. கைமாறி வரும் மலிவுக் குரோம்புக்கில் எவ்வளவு காலம் மிச்சம் என்று அமைப்புகளில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தத் திங்கட்கிழமைக் கேள்விக்கு அதனிடமும் பதில் இல்லை.

தமிழ்த் தட்டச்சு என்று வந்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான், போனில் குரலாலும் எழுதலாம் என்பது ஒரு கூடுதல் வசதி. தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர் இது. அதே ஊரில் நம் ஆட்கள் பலர் இன்னமும் ஆங்கில எழுத்தில் ‘enna’ பாணியில்தான் வீட்டுக்குச் செய்தி எழுதுகிறார்கள். அது தனிக்கதை.

போன் வழி தோற்கும் இடத்தையும் சொல்லவேண்டும். போனிலேயே பழகியவர் உண்மையான அலுவலகக் கணினி முன் உட்கார்ந்தால், கோப்புறை என்றால் என்ன, சேமித்தது எங்கே போனது என்று தடுமாறுகிறார். பிவட் டேபிள் (பெரிய பட்டியலைச் சுருக்கித் தொகுக்கும் எக்செல் வசதி) போன்ற பெரிய வேலைகளுக்கும் போன் தோதுப்படாது. அதற்காக நல்ல நிலையில் உள்ள மூன்று லேப்டாப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசி வாரங்களில் முறைவைத்து உட்காரச் செய்கிறோம். அது போதுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன், எங்களிடம் படித்து மேல்வேலைக்குப் போனவர்கள் இன்னும் சிலர்தான். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இது ஒத்துவருமா என்பதிலும் எனக்கு அனுபவம் குறைவு. 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு நாளாவது கட்டாய ஓய்வு உண்டு என்றாலும் வாராவாரம் வர முடிகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்குப் பாடத்தையே வேறு மாதிரி அமைக்கவேண்டும்.

யாராவது இருபது லேப்டாப் தருகிறேன் என்று சொன்னால் உடனே சரி சொல்லாதீர்கள். எத்தனையாம் தலைமுறைச் செயலி, சார்ஜர் உண்டா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேளுங்கள். தேறுவதில் மூன்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அமைப்புகளுக்கோ மின்கழிவுத் தொட்டிக்கோ வழிகாட்டிவிடலாம். போன் வழியில் போகிறவர்கள் முதல் மாதமே ஒன்றைச் செய்துவிடுங்கள். மாணவரின் கூகல் கணக்கு சிங்கப்பூர் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய் சிம் மாற்றினால் அந்தக் கணக்கும், அதில் செய்து வைத்த தாள்களும் பூட்டிக்கொள்ளக்கூடும். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த எண் இல்லாமலும் கணக்கில் நுழைய கூகல் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.