ஆய்வைச் சுவரில் மாட்டுவதா, திரையில் ஓடவிடுவதா?

என் முனைவர் பட்ட ஆய்வின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒரே ஆய்வை நான்கு வடிவங்களில் சொல்லிப் பார்த்தேன். ஒரு கருத்தரங்கில் ஃப்ளெக்ஸ் போஸ்டர், இன்னொன்றில் தொடுதிரை இ-போஸ்டர், துறைக்குள் மூன்று நிமிடப் பேச்சு, கடைசியாக 60 விநாடி ஓடும் டிஜிட்டல் போஸ்டர். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஒரு கண்மாயின் நீர்ப்பரப்பு 30 ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்ப்பதுதான் ஆய்வு. 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் தொடங்கி, 16 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு மேலே வந்து எடுத்த படங்கள் அவை. படத்தில் ஒரு புள்ளி என்றால் தரையில் 30 மீட்டர். 2008 முதல் அந்தச் சேமிப்பு முழுவதும் இலவசம் என்பதால்தான் என்னைப் போன்றவர்களால் இந்த ஆய்வைச் செய்ய முடிந்தது.

இப்போது புதிதாகச் சேரும் ஸ்காலர்கள் என்னிடம் கேட்பது "எது அண்ணா பெஸ்ட்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அதைப் பார்ப்பவர் பார்க்கும் நேரத்தில் நீ பக்கத்தில் நிற்பாயா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பக்கத்தில் நிற்க முடிந்தால்

போஸ்டர் அமர்வு என்பது அப்படியொன்றும் பழைய வழக்கம் இல்லை. ஐரோப்பாவில் 1969இல் மாட்ரிட்டில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டிலும், அமெரிக்காவில் 1974இல் மினியாபொலிஸிலும் தொடங்கியது. பேச வந்தவர்கள் அதிகம், மேடை நேரம் குறைவு, அதனால் சுவரில் மாட்டினார்கள். ஆனால் மேடையில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. எதிரில் நிற்பவரோடு நேருக்கு நேர் பேசலாம்.

எனக்கு அது நன்றாகவே கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த பேராசிரியர் என் ஏ0 தாள் அளவுப் போஸ்டரின் நடுவில் இருந்த ஒரு படத்தில் விரல் வைத்து, "இது நவம்பர் படமா? மேகத்தை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் இல்லாத படம் கிடைப்பது அரிது. மழை முடிந்து கண்மாய் நிரம்பி நிற்கும் ஜனவரிப் படங்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் என்ன என்று அவரே யோசனை சொன்னார். என் இரண்டாம் இயலே அதனால் மாறியது. பத்து நிமிட உரையாடலில் கிடைத்த இந்த உதவியை எந்த வீடியோவும் தந்திருக்காது.

ஆனால் நான் தேநீர் குடிக்கப் போன இருபது நிமிடத்தில் என் போஸ்டர் முன்னால் யாரும் நிற்கவில்லை. 800 சொல்லும் ஆறு வரைபடமும் நெருக்கியடித்த பலகை அது. ஆள் இல்லாமல் அது பேசாது.

இந்தக் குறையைத்தான் மைக் மோரிசன் கையில் எடுத்தார். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, 2019இல் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். போஸ்டரின் நடுவில் முக்கியக் கண்டுபிடிப்பைச் சாதாரண மொழியில், பெரிய எழுத்தில் ஒரே வாக்கியமாகப் போடுங்கள். இடது ஓரத்தில் ஆய்வின் சுருக்கம், வலது ஓரத்தில் பேசும்போது கைகொடுக்கும் வரைபடங்கள், கூடவே முழுக் கட்டுரைக்குப் போக ஒரு க்யூஆர் கோடு. 'பெட்டர் போஸ்டர்' என்று பெயர் பெற்றது. நடுவில் இவ்வளவு இடம் வீணாகிறதே என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது வீணாகப் படவில்லை. நடந்து போகிறவர் நிற்காமலே ஒரு வரியை எடுத்துப் போகிறார், நிற்பவரோடு நாம் பேசலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைத் துணிந்து எழுதும் அளவுக்கு முடிவு கையில் இருக்க வேண்டும். ஆய்வு பாதியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

இ-போஸ்டர் என்ற பெயரில்

பல கருத்தரங்குகளில் 'டிஜிட்டல் போஸ்டர்' என்றால் அதே ஏ0 கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி டிவி திரையில் காட்டுவதுதான். ஏ0 தாளின் நீளம் 1189 மில்லிமீட்டர். கிடைமட்டமாக வைத்த 55 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 685 மில்லிமீட்டர். நெட்டுக்குத்தான போஸ்டரை அதில் அடக்கினால் எல்லாமே 58 சதவீதமாகச் சுருங்கிவிடும். 24 புள்ளி எழுத்து 14 புள்ளியாகிறது. அதோடு, ஒரே திரையில் பல பேருடைய போஸ்டர் வரிசையில் நிற்கும். என் முறை வந்து ஐந்து நிமிடத்தில் அடுத்தவருக்குப் போய்விட்டது. காகிதத்தின் அமைதியும் இல்லை, திரையின் அசைவும் இல்லை. தேர்வு உங்கள் கையில் இருந்தால் இதை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் பழைய கோப்பைத் தூக்கி வைத்துவிட்டு 16:9 அளவில் புதிதாகச் செய்யுங்கள்.

மூன்று நிமிடமும் ஒரு நிமிடமும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கியது. அங்கே அப்போது கடும் வறட்சி. குளிப்பதை மூன்று நிமிடத்தில் முடிக்க மணல் கடிகாரத்தைக் குளியலறையில் ஒட்டிவைத்தார்கள், அதிலிருந்து பிறந்த யோசனை என்று அந்தப் பல்கலைக்கழகமே சொல்கிறது. 80,000 சொல் கொண்ட ஆய்வேட்டைப் படித்துக் காட்ட 9 மணி நேரம் ஆகும், உங்களுக்கு மூன்று நிமிடம் என்பது அவர்கள் கணக்கு. ஒரே ஒரு அசையாத ஸ்லைடு. அனிமேஷன் கூடாது, கையில் பொருள் கூடாது, நேரம் தாண்டினால் வெளியே. இன்று 85க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

60 விநாடி வடிவம் மெல்போர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 'விஷுவலைஸ் யுவர் தீசிஸ்' என்று பெயர். ஆய்வாளர் மேடைக்கு வருவதே இல்லை. ஒரு நிமிடம் ஓடும் காட்சிதான் ஆய்வேடு முழுவதையும் சொல்ல வேண்டும்.

மூன்று நிமிடத்தில் சுமை முழுவதும் உங்கள் குரலில் இருக்கிறது. சபைக் கூச்சம் உள்ளவர்களுக்கு அது கொடுமையாக இருக்கும் என்று தெரியும். இருந்தும் அதைப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் வாய்மொழித் தேர்வில் "உங்கள் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சொற்களால் நகரும் ஆய்வுகளுக்கு, அதாவது ஒரு இலக்கண வாதத்துக்கோ சட்டத் தீர்ப்புகளின் அலசலுக்கோ, மூன்று நிமிடப் பேச்சே மேல். அவற்றில் காட்டுவதற்கு அசையும் பொருள் குறைவு.

என் ஆய்வு நேர் எதிர். கண்மாய் சுருங்குவதை வாயால் சொன்னால் அது ஒரு சதவீதக் கணக்கு. கண்ணால் பார்த்தால் வேறு. ஆண்டுக்கு ஒரு ஜனவரிப் படம், படத்துக்கு ஒரு விநாடி, 30 ஆண்டு 30 விநாடி. நீலம் கரையிலிருந்து உள்வாங்குவதும், வரத்துக் கால்வாய் இருந்த தடத்தில் மனைக் கோடுகள் முளைப்பதும் யாரும் விளக்காமலே புரிகிறது. மிச்சமிருந்த 30 விநாடியில் தொடக்கத்துக்கு 8, காரணத்துக்கு 12, முடிவுக்கு 10 என்று பிரித்தேன்.

ஒரு இடத்தில் தவறு செய்யப் பார்த்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். படங்களுக்கு நடுவே மார்ஃப் என்ற மென்மையான மாற்றத்தைப் போட்டபோது காட்சி அவ்வளவு அழகாக இருந்தது. நீர் வழுக்கிக்கொண்டு சுருங்கியது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் அந்த மென்பொருள் வரைந்த கரை எந்தச் செயற்கைக்கோளும் பார்க்காத கரை. என்னிடம் இல்லாத தரவை அது உருவாக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, வெடுக் வெடுக்கென்று மாறும்படி வைத்தேன். நல்ல படம் கிடைக்காத ஆண்டுகளுக்குச் சாம்பல் நிறக் கட்டம் போட்டேன். அசையும் போஸ்டர் செய்யும் எல்லோரும் இதில் கவனமாக இருக்க வேண்டும். காகிதத்தில் இடைவெளி இடைவெளியாகவே தெரியும். திரையில் அசைவு அதை மூடிவிடும்.

இன்னொன்று. இது ஓயாமல் சுற்றி ஓடும் பொருள். நூலக வாசலிலோ துறை வராந்தாவிலோ ஓடும்போது யாரும் முதல் விநாடியில் வந்து நிற்க மாட்டார்கள், 37ஆவது விநாடியில்தான் வருவார்கள். அதனால் ஆய்வுக் கேள்வி திரையின் ஒரு மூலையில் கடைசிவரை நிற்க வேண்டும். ஒலி இல்லாமலும் புரிய வேண்டும். எழுத்தைப் பொறுத்தவரை, நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்த அளவில் 60 விநாடிக்குத் தமிழில் 80 சொல்லுக்கு மேல் வைத்தால் மூச்சு முட்டுகிறது. நம் சொற்கள் நீளம். 'பயன்படுத்தப்பட்டிருக்கிறது' என்பதும் ஒரே சொல்தானே.

தமிழ் எழுத்தில் செய்வதென்றால்

இங்கே காகிதத்துக்கும் திரைக்கும் தனித்தனித் தொல்லை. ஃப்ளெக்ஸ் கடைகள் பலவற்றில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை. நாம் யூனிகோடில் தட்டிக் கொடுத்ததை அவர்கள் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். என் முதல் போஸ்டரில் 'கொள்ளளவு' என்ற சொல் சிதைந்து அச்சாகி வந்தது, திருத்த நேரம் இல்லை. அதற்குப் பிறகு எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் தவிர எதையும் கடைக்குக் கொடுப்பதில்லை.

திரையில் பவர்பாயிண்ட் பாதுகாப்பானது. யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டும், 'கிரியேட் எ வீடியோ' மூலம் எம்பி4 ஆகவும் எடுத்துவிடலாம். அடோபி மென்பொருள்களில் ஒரு அமைப்பை மாற்றாவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்', ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் பிரீமியரிலும் 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்ற எழுத்துப் பொறி, இவற்றைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எழுத்துரு என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் மூன்றும் இலவசம், தூரத்திலிருந்தும் தெளிவு.

பொதுவில் போனால் திரும்பி வராது

காகிதப் போஸ்டர் மாலையில் சுருட்டிய பிறகு முடிந்தது. டிஜிட்டல் போஸ்டரை ஜெனோடோ போன்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றினால் இலவசமாக ஒரு டிஓஐ எண் (ஆவணத்துக்கான நிலையான அடையாள எண்) கிடைக்கும், பிறர் மேற்கோள் காட்டலாம். ஆய்வாளருக்கு இது பெரிய லாபம். ஆனால் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பித்த பிறகுதான் ஏற்ற வேண்டும், முன்கூட்டியே வெளியிட்டால் புதுமை என்ற தகுதியே போய்விடலாம். பின்னணி இசையும் படங்களும் திறந்த உரிமம் உள்ளவையாக இருக்கட்டும். கைடிடம் கேட்காமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

சரி, எதை எப்போது? ஆய்வு நடுவில் இருக்கிறது, பெரியவர்களின் குறுக்குக் கேள்வி வேண்டும் என்றால் காகிதம். முடிவு திடமாகிவிட்டது, கூட்டம் பெரியது என்றால் மோரிசன் வடிவம். வாய்மொழித் தேர்வு நெருங்குகிறது என்றால் மூன்று நிமிடம். ஆய்வுக்குள் ஏதாவது அசைகிறது, வளர்கிறது, தேய்கிறது, நீங்களும் அங்கே இருக்கப் போவதில்லை என்றால் 60 விநாடி. இரண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் முதலும் கடைசியும் என்பேன்.

நான் அந்த 60 விநாடியைத் தமிழில் ஒரு பிரதி செய்து, கண்மாய் இருக்கும் ஊருக்கே எடுத்துப் போனேன். கரை ஓரத்தில் கைபேசியில் ஓடவிட்டபோது ஆயக்கட்டு விவசாயிகள் ஏழெட்டுப் பேர் குனிந்து பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் ஒரு பெரியவர் "நிப்பாட்டு தம்பி" என்றார். நடுவில் ஒரு ஆண்டின் படத்தில் நீலம் திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தது. "அந்த வருசம் கண்மாய் நிறைஞ்சு கலுங்கு வழியாத் தண்ணி வழிஞ்சு போச்சு, தண்ணிக்கு என்ன குறைச்சல்? மேல பூராம் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்துச்சு. வானத்துல இருந்து பார்த்தா பச்சையாத்தானே தெரியும்" என்றார்.

அறைக்குத் திரும்பிச் சோதித்தேன். நான் பயன்படுத்திய நீர்க்குறியீடு, அதாவது படத்தில் எது நீர் என்று பிரித்துக் காட்டும் கணக்கு, செடி மூடிய நீரைத் தரை என்றே கணக்கிட்டிருந்தது. அந்த ஆண்டையும் சாம்பல் கட்டமாக மாற்றினேன்.