சிபாப், ஹை ஃப்ளோ, வென்டிலேட்டர்: பச்சிளம் குழந்தைக்கு எதில் வலி குறைவு?

வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை அழுதால் சத்தம் வராது. குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் வாய் அகலத் திறக்கும், புருவம் சுருங்கும், கண் இறுக மூடும், மூக்கிலிருந்து வாயோரம் வரை ஒரு கோடு ஆழமாக விழும், ஆனால் ஒரு முனகல்கூட வெளியே வராது. என்ஐசியுவில், அதாவது பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அமைதியைப் பார்த்து, குழந்தை நிம்மதியாக இருக்கிறது என்று நானே நினைத்திருக்கிறேன். அதனால்தான் "இதுல எது வலிக்காது சிஸ்டர்?" என்று ஒரு அம்மா கேட்கும்போது ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

மூச்சுக்கு உதவும் இந்த மூன்றில் எந்தக் கருவி என்பதை முதலில் தீர்மானிப்பது நுரையீரல்தான், அதில் பேரம் பேச முடியாது. ஆனால் சிபாப்பும் சரி, ஹை ஃப்ளோவும் சரி, இரண்டில் எது போட்டாலும் போதும் என்ற நிலையில் நிறைய குழந்தைகள் இருப்பார்கள். அங்கேதான் வலியும் சௌகரியமும் கணக்கில் வரவேண்டும்.

சிபாப்பிலிருந்து தொடங்குகிறேன். குழந்தை தானே மூச்சு விடும், கருவி மூக்கு வழியாக விடாமல் ஒரு காற்றழுத்தம் கொடுத்து, மூச்சை வெளியே விடும்போது நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். 1971-ல் ஜார்ஜ் கிரிகரி குறைமாதக் குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டியதிலிருந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய முறை. சிக்கல் என்னவென்றால், அழுத்தம் நிற்க வேண்டுமானால் மூக்கில் காற்று கசியக் கூடாது, கசியாமல் இருக்க மூக்குக்குழல் இறுக்கமாகப் பொருந்த வேண்டும், அது நகராமல் இருக்கத் தலையில் குல்லா, கன்னத்தில் பட்டை. இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய தோலைப் பாருங்கள். குழல் அதன்மேல் அழுந்தினால் முதலில் வெளுக்கும், அப்புறம் சிவக்கும், கவனிக்காமல் விட்டால் புண்ணாகி, மோசமான நிலையில் அந்த இடமே அரித்துப்போகும். குழலுக்கும் அந்தத் தோலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழலையும் மாஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. காற்று வயிற்றுக்குள் போய் வயிறு உப்புவதும், காதருகே ஓயாத இரைச்சலும் தனி.

ஹை ஃப்ளோ பார்வைக்கே மென்மையானது. சூடாக்கி ஈரப்படுத்திய காற்று, நிமிடத்துக்கு இரண்டிலிருந்து எட்டு லிட்டர் வரை, மூக்குத் துவாரத்தில் பாதியை மட்டும் அடைக்கும் மெல்லிய குழலில் போகும். இங்கே சுற்றிலும் காற்று கசிய வேண்டும், அதனால் இறுக்கிக் கட்டும் வேலை இல்லை. குழந்தையின் முகம் தெரியும், தூக்குவது சுலபம், பெற்றோர் பெரும்பாலும் இதைத்தான் விரும்புவார்கள். மூக்குப் புண் சிபாப்பை விடக் குறைவு என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. குழந்தையின் முகத்தையும் உடலையும் பார்த்து எவ்வளவு வலி என்று போடும் வலி மதிப்பெண் விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. 2015-ல் வந்த ஓர் ஆய்வில் சிபாப் குழந்தைகளுக்கு வலி மதிப்பெண்ணும் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடுதலாக இருந்தன. அதற்கு முந்தைய வருடம் ஒரே குழந்தைக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், சௌகரிய மதிப்பெண்ணில் வித்தியாசமே தெரியவில்லை.

அப்போ ஹை ஃப்ளோவே போடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 2016-ல் வெளியான ஹிப்ஸ்டர் ஆய்வில், 28 வாரமோ அதற்கு மேலோ ஆகிப் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுக்கு முதலில் தரும் உதவியாக இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஹை ஃப்ளோ 25.5 சதவீதம் பேருக்குப் போதாமல் போனது, சிபாப் போதாமல் போனது 13.3 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஹை ஃப்ளோ போதாமல் போன குழந்தைகளை சிபாப்புக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததால், குழாய் போட வேண்டிய நிலை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே முடிந்தது. ஆனாலும் போதாமல் போகிற அந்த சில மணி நேரம் குழந்தைக்கு எப்படி இருக்கும்? நிமிடத்துக்கு எண்பது மூச்சு, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, தலை ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடுகிறது. மூச்சுத் திணறலும் ஒரு வேதனைதான், வலி அளவுகோலில் அது சரியாக விழாவிட்டாலும். என் கருத்தைக் கேட்டால், பிறந்த முதல் நாட்களில் திணறும் குழந்தைக்கு நன்றாகப் பொருத்தி, நன்றாகப் பார்த்துக்கொள்கிற சிபாப். நிலைமை தேறிய பிறகோ, வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்த ஓரளவு பெரிய குழந்தைக்கோ ஹை ஃப்ளோ. சிபாப் போட்டு மூக்கைப் பார்க்க ஆள் இல்லாத இடமென்றால் இந்தக் கணக்கு மாறும்.

வென்டிலேட்டர் வேறு கதை. குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் வைத்துத் தொண்டைக்குள் குழாய் இறக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் மிகக் கொடுமையானது. உயிருக்கு அவசரம் என்ற நிலை தவிர மற்ற நேரங்களில் வலிமருந்து கொடுத்துவிட்டுத்தான் குழாய் போட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010-லேயே எழுதிவிட்டது. போட்ட பிறகு முகத்தில் பிளாஸ்டர், நேரத்துக்கு நேரம் சளி உறிஞ்சல். குழந்தை விடும் மூச்சும் கருவி தள்ளும் மூச்சும் முட்டிக்கொண்டால் அதுவே பெரிய போராட்டம். குழந்தையின் மூச்சை உணர்ந்து அதோடு சேர்ந்து தள்ளும் இப்போதைய கருவிகளில் இது நிறையக் குறைந்திருக்கிறது. குழந்தை கருவியோடு சண்டை போடுகிறது என்றால் மருந்தை ஏற்றும் முன் குழாய் நகர்ந்திருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, அமைப்பு சரியா என்று பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் மார்ஃபின் என்ற வலுவான வலிமருந்தை ஓடவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கேதான் வரும். நியோபெயின் என்ற பெரிய ஆய்வு 2004-ல் அதைப் பார்த்தது. வென்டிலேட்டரில் இருந்த குறைமாதக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து மார்ஃபின் கொடுத்ததில் இறப்போ மூளைக்குள் ரத்தக் கசிவோ குறையவில்லை, ரத்த அழுத்தம் இறங்கும் பிரச்சினைதான் கூடியது. அதனால் வழக்கமாக எல்லாருக்கும் என்பது இல்லை, வலி மதிப்பெண் பார்த்துத் தேவைப்படுகிறவருக்கு என்பதே சரி. மிடாசோலம் தூங்க வைக்கும், வலியைத் தொடாது, அது கொடுத்த குழந்தை அசையாமல் கிடப்பதை வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கருவியை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் பாதி வலி கண்ணில் படாமலே போகும். பாரிஸ் வட்டாரத்தில் 430 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2008-ல் வெளியிட்ட கணக்கில், ஒரு நாளைக்குச் சராசரியாகப் பத்து வலி தரும் செயல்கள்: குதிகாலில் குத்துவது, பிளாஸ்டர் பிய்ப்பது, மூக்கிலும் குழாயிலும் சளி உறிஞ்சுவது. ஐந்தில் நான்கு தடவை அதற்கென்று எந்த வலி நிவாரணமும் கொடுக்கப்படவில்லை. குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன் நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் விட்டால் முகச் சுளிப்பு குறைகிறது, ஆனால் 2010-ல் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, வலிக்கு மூளை காட்டும் எதிர்வினை குறையவில்லை. எனக்கு அதைவிட நம்பிக்கை தாய்ப்பால் துளியிலும், நெஞ்சோடு நெஞ்சாக அணைப்பதிலும். நிலை சீராக இருந்தால் சிபாப்பிலும் வென்டிலேட்டரிலும்கூட கங்காரு முறையில் வைக்கலாம், மாற்றும்போது குழாயைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

25 வாரத்தில் பிறந்த குழந்தை வலித்தால்கூடப் பெரிதாகக் காட்டாது. காட்டத் தெம்பு இருக்காது. அதனால்தான் குறைமாதக் குழந்தைகளின் வலியை அளக்கும் பிஐபிபி போன்ற அளவுகோல்களில் கருவின் வாரத்துக்கும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். "இன்னைக்கு வலி ஸ்கோர் எவ்வளவு?" என்று பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம், கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சளி உறிஞ்சும் நேரத்தில் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால் நான் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்வேன். ஒரு உள்ளங்கை தலையில், இன்னொன்றால் இரண்டு பாதத்தையும் சேர்த்து மடித்து வயிற்றுப் பக்கம். தடவக் கூடாது, தட்டக் கூடாது, சும்மா அசையாமல் பிடிக்க வேண்டும். உறிஞ்சி முடித்ததும் கையை எடுத்துவிடாதீர்கள். விரித்த விரல்கள் மெல்ல மடங்கி, புருவம் தளர்ந்து, மானிட்டரில் ஆக்ஸிஜன் எண் பழைய இடத்துக்குத் திரும்பும் வரை அப்படியே இருங்கள்.