பெல்ஃபாஸ்ட் கறுப்பு டாக்சிச் சுற்றுலா: ஒன்றரை மணி நேரத்தில் முப்பது ஆண்டுகள்

அயர்லாந்துடன் சேர விரும்பிய, பெரும்பாலும் கத்தோலிக்கர்களான தரப்புக்கும், பிரிட்டனுடனேயே இருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளான யூனியனிஸ்டுகளுக்கும் இடையே வட அயர்லாந்தில் முப்பது ஆண்டுகள் மோதல் நீடித்தது. அங்குள்ள பெல்ஃபாஸ்ட் நகரில், 1970களின் கலவரங்களில் பேருந்துகள் எரிக்கப்பட்டுப் போக்குவரத்து அடிக்கடி நின்றுபோனபோது, லண்டனில் ஓடித் தேய்ந்த கறுப்பு டாக்சிகளை வாங்கி வந்து, நம் ஊர் ஷேர் ஆட்டோவைப் போல ஓட்டினார்கள். அந்தத் தொழிலின் தொடர்ச்சியே இன்று பயணிகளை ஏற்றிச் செல்லும் ‘அரசியல் சுற்றுலா’. நாங்கள் நால்வர் ஒரு வண்டியில் சென்றுவந்தோம்.

முதல் நிறுத்தம் பம்பாய்த் தெரு. பக்கத்திலேயே காஷ்மீர் சாலையும் லக்னோ தெருவும் இருப்பதைப் பார்த்துச் சிரித்தபடியே இறங்கினோம். வீடுகளின் பின்புறத்தை மூடியிருந்த கம்பிக் கூண்டுகளைக் கண்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. கத்தோலிக்கர் பகுதியையும் புராட்டஸ்டண்டுகள் பகுதியையும் பிரிக்கும் அமைதிச் சுவருக்கு அப்பாலிருந்து எறியப்படுபவை வீட்டுக்குள் விழாதிருக்கவே அந்தக் கூண்டுகள். 1969 ஆகஸ்டில் இந்தத் தெரு எரிக்கப்பட்டது.

ஓட்டுநர் துப்பாக்கியிலிருந்து கதையைத் தொடங்கவில்லை என்பதுதான் இச்சேவையின் பெரிய பலம். வீட்டிலிருந்து தொடங்கினார். 1960களின் இறுதிவரை இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு உரிமையாளருக்கும் நேரடி வாடகைதாரருக்கும் அவர்களுடைய துணைவருக்குமே வாக்கு இருந்தது. பெற்றோர் வீட்டில் வாழ்ந்த வளர்ந்த பிள்ளைகளுக்கும் உள்வாடகைக்கு இருந்தவர்களுக்கும் இல்லை. ஆகவே நகரமன்றம் யாருக்கு வீடு ஒதுக்குகிறதோ அவருக்கே வாக்கையும் ஒதுக்கியது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த டெர்ரி நகரில்கூட, வார்டு எல்லைகளை வளைத்து யூனியனிஸ்டுகளே மன்றத்தைக் கைப்பற்றி வந்தார்கள். தேர்தலே நடக்காத இடத்தில்தான் ஆயுதம் தலைதூக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு, 1921 முதல் 1972 வரை ஒழுங்காகத் தேர்தல் நடந்தும் ஒரே கட்சி மட்டுமே ஆண்ட இந்த ஊர் பெரும் பாடமாக அமைந்தது.

நடுநிலைக்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். உண்ணாவிரதமிருந்தபடியே 1981 ஏப்ரலில் சிறையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 66ஆம் நாளில் உயிர்நீத்த, அயர்லாந்தை ஒன்றிணைக்க ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ அமைப்பைச் சேர்ந்த கைதி பாபி சாண்ட்ஸின் சுவரோவியத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றோமோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம், 1993 அக்டோபரில் ஐஆர்ஏவின் குண்டுவெடிப்பில், குண்டைக் கொண்டுவந்தவர் உட்படப் பத்துப் பேர் இறந்த புராட்டஸ்டண்டுகள் வாழும் ஷாங்கில் சாலையில் மீன்கடை இருந்த இடத்திலும் நின்றோம்.

குறை, அமைதியைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. 3,500க்கும் மேற்பட்டோர் இறந்த கதைக்கு ஒன்றேகால் மணி நேரம் கொடுத்தவர், அதை முடித்துவைத்த 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி ஒப்பந்தத்தை வண்டியைத் திருப்பும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். வட அயர்லாந்து மக்களில் வாக்களித்தவர்களில் 71 விழுக்காட்டினர் அதை ஏற்றார்கள் என்பதோடு சரி. இரு தரப்பிலிருந்தும் வரும் முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் சம அதிகாரம் உடையவர்கள், ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க முடியாது என்ற விசித்திரமான ஏற்பாட்டையும், அதனாலேயே 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 பிப்ரவரி வரையும் ஆட்சி முடங்கிக் கிடந்ததையும் நான் கேட்ட பிறகே விளக்கினார். விளக்கியபோது அருமையாகவே விளக்கினார். பழைய பெரும்பான்மை ஆட்சியைவிட இந்த முடக்கம் மேல் என்பது அவர் கருத்து. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கடைசியில் ‘அமைதிச் சுவர்’ அருகே ஆளுக்கொரு பேனாவைத் தந்து கையெழுத்திடச் சொல்கிறார்கள். இன்னும் மக்கள் அஞ்சி வாழும் ஒரு சுவரில் என் பெயரை எழுத மனம் வரவில்லை, கட்டாயமும் இல்லை.

முன்பதிவின்போதே சட்டமன்றம் இருக்கும் ஸ்டார்மண்ட் மாளிகையையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மாலைக்கு முன்பே செல்லுங்கள்: இரு பகுதிகளையும் இணைக்கும் இரும்புக் கதவுகள் சிலவற்றை இரவில் இன்றும் பூட்டிவிடுகிறார்கள்.